போஞ்சி அங்கிளின் உரிமையாளர்

சவுந்தரநாயகம் அங்கிளுக்குப் போஞ்சிக்காய் பிடிக்காது. கறியில் ஒரு துண்டு தட்டுப்பட்டால்கூட எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிடுவார். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், சேர். மற்றதை எல்லாம் பிறகு கதைக்கலாம். போஞ்சி முழுக்க முழுக்க என்னுடைய கற்பனை.

நான் போடுகிற போஞ்சி அங்கிள் வேஷம் உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. நேற்று என்னை ஜீப்பில் ஏற்றிய கான்ஸ்டபிளுக்குத் தெரிந்திருந்தது. ஒரு படம் எடுக்கலாமா என்று மரியாதையாகக் கேட்டார். விலங்கு தெரியாதபடி நின்று எடுத்தோம். பஞ்சு மீசையோடு, காற்சட்டையை நெஞ்சு மட்டும் இழுத்துக் கட்டிய, ஓய்வுபெற்ற துறைமுகக் கிளாக்கர் ஒருவர். மடியில் சுளகு நிறையப் போஞ்சி. அதை ஒடித்து ஒடித்துப் போட்டபடி டொலர் விலையிலிருந்து சந்திரனில் தண்ணீர் இருக்கிறதா என்பது வரை விளக்கம் சொல்லுவார். ஒரு காது மந்தம். அதனால் கேட்கிற காதை எதிரில் இருப்பவர் பக்கம் சரித்தே வைத்திருப்பார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் ஒரு இடைவெளி. பேச்சோடு மெல்லிய சீழ்க்கையும் வரும். எதைச் சொன்னாலும் "அது அப்பிடியில்லை மகன்" என்றுதான் தொடங்குவார்.

பிறகு அந்தச் சிரிப்பு. நாமெல்லாம் மூச்சை வெளியே விட்டுத்தான் சிரிக்கிறோம். போஞ்சி அங்கிள் உள்ளே இழுத்துச் சிரிப்பார். தண்ணீர் வெட்டிய நாளில் குழாயைத் திறந்தால் உள்ளே காற்று இழுபடுமே, அந்தச் சத்தம்.

அந்தச் சத்தத்துக்காக என்னை ரொறன்ரோவுக்கும் சூரிச்சுக்கும் கூப்பிட்டார்கள். நகைக்கடை திறக்கவும் சாமத்தியச் சடங்கில் மேடையேறவும் கூப்பிட்டார்கள். கொட்டாஞ்சேனைச் சங்கமொன்று 'நகைச்சுவைப் பேரரசர்' என்று பட்டம் தந்தது. அதைக் கேள்விப்பட்ட வெள்ளவத்தைச் சங்கமொன்று அதே மாதத்தில் 'நகைச்சுவைச் சக்கரவர்த்தி' என்றது. பேரரசர் பெரியவரா, சக்கரவர்த்தி பெரியவரா என்று இரண்டு சங்கத்தாரும் முகநூலில் அடிபட்டார்கள். நான் பாகுபாடு பார்க்காமல் இரண்டையும் என் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டேன். வந்த பொன்னாடைகளை வைக்க அலுமாரியில் இடமில்லாமல், என் மனைவி ஐறீன் அவற்றை வெட்டி, பின்பக்கத்து அனெக்ஸுக்குத் திரைச்சீலையும் தலையணை உறையும் தைத்தாள்.

ஆனால் பஞ்சு மீசையை எடுத்து, காற்சட்டையை இறக்கிவிட்டால் என்னை எவருக்கும் தெரியாது. ஒரு பாராட்டு விழாவுக்குச் சாதாரண சேர்ட்டோடு போனேன். வாசலில் நின்ற பையன், "அங்கிள், இன்விற்றேஷன் இருக்கோ?" என்றான். விழாவே எனக்குத்தான் என்று சொன்னேன். "எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுகினம்" என்றான். கடைசியில் வாசலில் நின்று அந்தச் சிரிப்பைச் சிரித்துக் காட்டினேன். உடனே கதிரை போட்டார்கள். அன்றைக்கே எனக்கு ஒன்று விளங்கிவிட்டது, சேர். அந்தச் சிரிப்பு என்னுடையதில்லை என்று ஆகிவிட்டால், நான் வாசலுக்கு வெளியே நிற்கும் ஆள்.

நிலாம் என்று மாளிகாவத்தைப் பையன். என் காணொளிகளை வெட்டி ஒட்டிக் கொடுத்தவன். கெட்டிக்காரன், அதில் சந்தேகமில்லை. என்னை விட்டுப் போய்ச் சொந்தமாகக் கார்ட்டூன் கம்பனி தொடங்கினான். கொஞ்ச நாளில் ஒரு நூடில்ஸ் விளம்பரம் வந்தது. நெஞ்சு மட்டும் காற்சட்டை, சரிந்த தலை, பல் இடைவெளி, உள்ளிழுக்கும் சிரிப்பு. போஞ்சி மட்டும் இல்லை. அதற்குப் பதிலாக நூடில்ஸ்.

தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டேன். கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.

"அண்ணே, நீங்க அங்கிளப் பாத்துச் செஞ்சீங்க. நானும் அங்கிளப் பாத்துத்தான் கீறினேன். நீங்கதானே ஒரு நத்தாருக்கு கேக் குடுக்க என்னையும் கூட்டிக்கிட்டு அவர்ட ரூமுக்குப் போனது? அவர் என்ன, உங்கட வாப்பாட சொத்தா?"

அவன் அங்கிள் என்றது சவுந்தரநாயகம் அங்கிளைத்தான். கொட்டாஞ்சேனையில் நான் பிறந்த ஒழுங்கையில் எங்களுக்கு எதிர் அறையில் இருந்தவர். துறைமுகத்தில் கிளாக்கர் வேலை, கலியாணம் இல்லை. சின்ன வயதில் நான் அவரைப் போல நடந்து, கதைத்து, சிரித்துக் காட்டுவேன். ஒழுங்கையே விழுந்து விழுந்து சிரிக்கும். அவரும் சேர்ந்து சிரிப்பார், அது தன்னைத்தான் என்று தெரியாமல். பிறகு ஒழுங்கையை இடித்து மாடி கட்டினார்கள். ஆட்கள் திசைக்கொருவராகப் போனார்கள். அவர் மட்டும் பக்கத்திலேயே ஒரு வாடகை அறை பிடித்து இருந்துவிட்டார்.

இதெல்லாம் உண்மைதான். ஆனால் ஒழுங்கையில் ஒருவர் சும்மா சிரித்துக்கொண்டிருப்பதும், அதே சிரிப்பு உலக மேடைகளுக்குப் போவதும் ஒன்றா? நீங்களே சொல்லுங்கள்.

வழக்குப் போட்டேன். ஜனாதிபதி சட்டத்தரணி சாந்தகுமார் அவர்களைப் பிடித்தேன். அவர் காலை வணக்கம் சொன்னாலே ஒரு தீர்ப்பைக் கேட்ட மாதிரி இருக்கும். நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் அவருடைய அறையில், சத்தியக் கடதாசிக்கு விபரம் எடுக்கும்போது கேட்டார்.

"இந்தப் பாத்திரம் உம்மட மூளையில பிறந்ததுதானே?"

"ஓம் சேர்."

"உயிரோட இருக்கிற ஆரையும் பாத்துச் செய்யேல்லயே?"

அந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். ஆனால் சக்கரவர்த்தி ஒருவர் யோசித்துப் பதில் சொன்னால் நன்றாகவா இருக்கும்? இல்லை என்றேன். அப்படி ஒருவர் உலகத்தில் இல்லை என்று டைப் அடித்து, ஒரு கத்தோலிக்கனாகச் சத்தியம் பண்ணிக் கையெழுத்தும் போட்டேன். அதற்குப் பிறகு நடந்ததில் நான் சுயமாக முடிவெடுத்தது மிகக் குறைவு. போட்ட கையெழுத்து இழுத்த பக்கம் போனேன், அவ்வளவுதான்.

நிலாமின் சட்டத்தரணி பர்ஹா. சின்னப் பெண், மெல்லிய குரல். முதல் தவணையிலேயே எழுந்து, வழக்காளியின் மூளையில் பிறந்தவர் தற்சமயம் கொட்டாஞ்சேனையில் வாடகை கட்டிக்கொண்டு இருக்கிறார், அடுத்த தவணைக்கு அவரைக் கூட்டி வருகிறேன், கனம் நீதிபதி அவரை ஒருக்கால் சிரிக்கச் சொன்னால் வழக்கு முடிந்துவிடும் என்றார். நீதிமன்றத்தில் எல்லோரும் சிரித்தார்கள். தட்டச்சு செய்தவர்கூட. எனக்குக் கிடைக்காத சிரிப்பு அது.

இடைவேளையில் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் சாந்தகுமார் அவர்கள் ரோல்ஸ் சாப்பிட்டபடி கேட்டார்.

"ஆள் உயிரோட இருக்கிறாரோ?"

"ஓம் சேர்."

"ம்." மிச்ச ரோல்ஸையும் வாயில் போட்டார். "செத்துப்போன ஆக்களால எங்கட தொழிலுக்கு ஒரு கரைச்சலும் இல்ல, கிளின்ரன். உயிரோட இருக்கிறவைதான் பிரச்சினை."

பகிடியாகத்தான் சொன்னார். அவர் மீது ஒரு பிழையும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று பின்னேரமே காரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். இந்த வயதில் மாடிப்படி ஏறி இறங்கித் தனிய இருக்க வேண்டாம், என் வீட்டில் வந்திருங்கள் என்றேன். அங்கிளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மகன், நீர் என்னை மறக்கேல்ல, என்ன?"

ஒரு பயணப் பை, ஒரு அந்தோனியார் சொரூபம். அவ்வளவுதான் அவருடைய சாமான். வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வரும் வழியில் என் தொலைபேசியைக் கொடுத்து, போஞ்சி அங்கிள் காணொளி ஒன்றைப் போட்டுவிட்டேன். அவருக்கு ஏதாவது விளங்குகிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது. அவர் காதைச் சரித்துக் கேட்டார். காலி வீதி முழுக்க உள்ளிழுத்து உள்ளிழுத்துச் சிரித்தார்.

"அச்சொட்டு இப்பிடித்தான் மகன், எங்கட கந்தோரில ஒரு ஆள் இருந்தவன். பேர் வாயில வருகுதில்ல. சரியான விசரன். இவனைப் பாத்தா அவன்ட ஞாபகம்தான் வருது."

எனக்கு நிம்மதியாக இருந்தது. தன்னைத் தனக்கே தெரியாத ஒருவரிடமிருந்து நான் எதையும் எடுத்ததாக எப்படிச் சொல்ல முடியும்?

எங்கள் அனெக்ஸ் வீட்டின் பின்பக்கம், ரயில் பாதையை ஒட்டி இருக்கிறது. ரயில் போனால் கட்டில் நடுங்கும். அந்த நேரத்தில் அங்கே யார் என்ன சத்தம் போட்டாலும் வெளியே கேட்காது. அதனால்தான் அதை யாரும் வாடகைக்கு எடுக்கவில்லை. ஐறீன் சந்தோஷப்பட்டாள். "தனியக் கிடந்த மனிசன், பாவம். நல்ல வேலை செய்தியள்" என்றாள். பின்னேரங்களில் தேத்தண்ணீர் கொண்டுபோய் அவரோடு கதைத்துக்கொண்டிருப்பாள். ரயில் இல்லாத நேரத்தில் அந்தச் சிரிப்பு முன்வீட்டுக்குக் கேட்கும். உடனே எழும்பிப் பின்பக்கம் போய்ப் பார்ப்பேன். என்னுடைய பொருள் காவலில்லாமல் கிடக்கிற மாதிரி.

அடுத்த தவணையில் பர்ஹா, சாட்சியைக் காணவில்லை என்றார். அக்கம்பக்கத்தார் அவரை வழக்காளியின் காரில் ஏறக் கண்டார்கள் என்றும் சொன்னார். நீதிபதி கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். சாந்தகுமார் அவர்கள் எழுந்து, எங்களிடம் மறைக்க எதுவுமில்லை, அந்த முதியவரை வழக்காளி கருணையின் பேரில் பராமரிக்கிறார், அவரை நாங்களே கூட்டி வருகிறோம் என்றார். அவர் சொன்ன கம்பீரத்தில் நானே அதை நம்பினேன். வெளியே வந்ததும்தான் விளங்கியது. ஒளித்து வைப்பதற்கென்று கொண்டுவந்த மனிதரை இனி நானே காட்ட வேண்டும்.

காட்டுவதென்றால், காட்டக்கூடிய மாதிரி இருக்க வேண்டும்.

முதலில் செய்ததெல்லாம் நல்ல காரியங்கள். பார்பரைக் கூப்பிட்டு மீசையை எடுத்தேன். அளவாகக் காற்சட்டை தைப்பித்தேன். பல் வைத்தியரிடம் கூட்டிப்போய் இடைவெளியை அடைப்பித்தேன். காதுக்கு மெஷின் வாங்கிக் கொடுத்தேன். கண்ணாடியில் பார்த்து, "கலியாண மாப்பிள்ளை மாதிரியெல்லோ இருக்கிறன்" என்று சிரித்தார். எங்கள் தெருவில் எத்தனை பிள்ளைகள் பெற்ற தகப்பனுக்கு இவ்வளவு செய்திருக்கிறார்கள், விசாரித்துப் பாருங்கள்.

காது கேட்ட பிறகும் தலை நிமிரவில்லை. வாழ்நாள் பழக்கம், சரிந்தே இருந்தது. கழுத்து நோக்காரர் போடுவார்களே, அந்தத் தடித்த பட்டியைப் போட்டுவிட்டேன். நித்திரைக்கும் கழற்ற வேண்டாம் என்றேன்.

நான் நாடகக்காரன். ஒரு நடிகனில் ஒரு பாத்திரத்தை ஏற்றுவது எப்படியென்று எனக்குத் தெரியும்: திரும்பத் திரும்பச் செய்விக்க வேண்டும், பிழைத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இறக்குவதற்கும் அதே ஒத்திகைதான் என்று கண்டுபிடித்தேன். இது என் துறையில் ஒரு புதிய முறை என்று நினைக்கிறேன். காலையில் கதிரையைப் போட்டு எதிரில் இருப்பேன். பெயர் என்ன, எங்கே வேலை செய்தீர்கள் என்று கேட்பேன். "அது அப்பிடியில்லை மகன்" என்று தொடங்கினால் கையைத் தட்டி, மறுபடி முதலிலிருந்து கேட்பேன்.

"மகன், இது என்ன நாடகம்? எனக்கு என்ன வேஷம்?" என்று ஒருநாள் கேட்டார்.

"ஒரு வேஷமும் இல்ல அங்கிள். சும்மா ஒரு ஆள்."

"ஐயோ, அது சரியான கஷ்டமான வேஷமெல்லோ." சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எல்லாம் போயும் அந்தச் சிரிப்புப் போகவில்லை. அடைத்த பல்லுக்குள்ளாலும் வந்தது. பட்டி போட்ட கழுத்துக்குள்ளாலும் வந்தது. எதைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று கவனித்து, அது ஒவ்வொன்றையும் எடுத்தேன். தொலைக்காட்சியை எடுத்தேன். ஐறீனை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்றேன். ஞாயிறு பூசைக்குக் கொட்டாஞ்சேனைக் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார். அங்கே எல்லோருக்கும் அவரைத் தெரியும், அதனால் தொலைபேசியில் பூசை போட்டுக் காட்டினேன். நற்கருணை உயர்த்தும் நேரத்தில் இடையில் ஒரு விளம்பரம் வந்தது. நிலாமின் நூடில்ஸ் கிழவன். அங்கிள் கும்பிட்ட கையோடு சிரித்தார். அதிலிருந்து பூசையையும் நிறுத்த வேண்டியதாயிற்று. பழி என்மீது இல்லை, விளம்பரத்தின் மீதுதான்.

கதவுக்குப் பூட்டுப் போட்டேன். அவர் சிரித்தால் திரைச்சீலையை இழுத்து மூடி, விளக்கை அணைத்துவிடுவேன். மறுபடியும் சிரித்தால் காது மெஷினைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவேன். அதற்குப் பிறகும் என்றால் சாப்பாடு பிந்தும். நான் அவரை அடிக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒருவரையும் கைநீட்டியதில்லை. ஐறீனைக் கேட்டுப் பாருங்கள், அந்த ஒன்றை அவளும் ஒப்புக்கொள்வாள்.

அவரை விட்டுவிட்டு எங்கும் போக முடியவில்லை. ரொறன்ரோ நிகழ்ச்சியைத் தள்ளிப் போட்டேன். திறப்பு விழாக்களுக்குக் காய்ச்சல் என்று சொன்னேன். அனெக்ஸ் வாசலில் கதிரை போட்டு, பூட்டின் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு ரயில்களைப் பார்த்தபடி இருப்பேன். உள்ளே இருந்தவருக்காவது நேரத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆள் ஒருவர் இருந்தார். இதை யாரும் யோசிப்பதில்லை.

ஒருநாள் ஜன்னலில் ஒரு காகம் வந்து இருக்கப் பார்த்து, கால் வழுக்கி விழுந்து, ஒன்றும் நடக்காத மாதிரி எழும்பிப் பறந்தது. அங்கிளின் வாய் திறந்தது. என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஒரு நெறியாளனுக்கு அதைவிடப் பெரிய திருப்தி கிடையாது.

அன்று ஐறீன் என்னை மறித்தாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனிசன்ட சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு காலம், தெரியுமோ?"

"ஒத்திகை நடக்குது."

"என்ன கோதாரி ஒத்திகை? திறப்பைத் தாங்கோ."

"வழக்கு முடியட்டும், ஐறீன்."

"நீங்கள் அந்த மீசையை வைச்சுக்கொண்டுதான் இப்ப நித்திரையும் கொள்ளுறியள், தெரியுமோ உங்களுக்கு?" என்றாள். மறுநாள் கிருலப்பனையில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போய்விட்டாள். மீசை விஷயம் உண்மையில்லை. ஒன்றிரண்டு தரம் கழற்ற மறந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

நீதிமன்றத்துக்கு அங்கிளை நானே கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். பட்டியைக் கழற்றியிருந்தேன், கழுத்து நேராக நின்றது. கூண்டில் ஏறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னார். பர்ஹா கார்ட்டூன் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்திருந்தார். நீதிபதி படத்தைப் பார்த்தார், அங்கிளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். பர்ஹாவின் முகம் மாறியதை நான் கண்டேன். அவர் தமிழில் கேட்டார், மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார்.

"அங்கிள், ஒருக்கா சிரிச்சுக் காட்டுவீங்களா?"

மொழிபெயர்ப்பாளர் அதைக் கம்பீரமாக மொழிபெயர்த்தார். தட்டச்சாளர் விரலைத் தூக்கிக் காத்திருந்தார். அங்கிள் என் பக்கம் பார்த்தார்.

"அங்க பார்க்க வேணாம் அங்கிள். உங்களுக்கு சிரிப்பு வருமா?"

"வந்தது மகள்," என்றார். "இப்ப வாறேல்ல. நான் இப்ப நல்ல சுகம்."

சாட்சி தாம் நலமாக இருப்பதாகக் கூறுகிறார் என்று பதிவானது. நிலாமின் கார்ட்டூனுக்குத் தடையுத்தரவு கிடைத்தது. வெளியே வந்ததும் சாந்தகுமார் அவர்கள் பத்திரிகைக்காரருக்கு, இது கற்பனைக்குக் கிடைத்த வெற்றி என்றார். நிலாம் படியில் நின்றான். திட்டப்போகிறான் என்று நினைத்தேன். அவன் என்னைப் பார்க்கவேயில்லை. அங்கிளுக்கு முன்னால் குனிந்து, "அங்கிள், நான் நிலாம். கேக் சாப்பிட்டோமே, ஞாபகமா?" என்றான். அங்கிள் பதில் சொல்லலாமா என்று என் முகத்தைப் பார்த்தார். நிலாம் நிமிர்ந்தான்.

"அண்ணே, இவர என்ன செஞ்சீங்க?"

தோற்றவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான் என்று விட்டுவிட்டேன்.

வீட்டுக்கு அனுப்புவதாகத்தான் இருந்தேன், சேர். அங்கிளும் காரிலேயே கேட்டார்: "மகன், இனி நான் ரூமுக்குப் போகட்டோ?" ஆனால் நிலாம் மேன்முறையீடு செய்தான். "அது முடியுமட்டும் ஆளை இப்பிடியே வைச்சிரும்" என்றார் சாந்தகுமார் அவர்கள். இப்படியே என்றால் இப்படியேதான். பட்டியை மறுபடி போட்டேன், கதவைப் பூட்டினேன்.

பிழை இதற்குப் பிறகுதான் நடந்தது. வெற்றிக்கு ஒரு காணொளி போட்டேன். போஞ்சி இருந்தது, காற்சட்டை இருந்தது, எல்லாம் இருந்தது. கீழே எழுதியிருந்தார்கள்: 'போஞ்சி அங்கிளுக்கு என்ன, ஆஸ்மாவா?' இன்னொருவர், 'ஒரிஜினல் எங்கே?' திரும்பப் போட்டுக் கேட்டேன். உண்மைதான். சிரிப்பு பிழைத்திருந்தது. என் மூச்சு என்னை அறியாமல் வெளியே போய்க்கொண்டிருந்தது, சாதாரண மனிதனைப் போல.

ஒவ்வொரு நத்தாருக்கும் கேக் கொண்டுபோய் அவரைப் பார்த்து வருவேன். அது அன்பினால்தான். அந்த நேரத்தில் காதில் விழுந்த சத்தம் வருஷம் முழுக்கப் போதுமாக இருந்திருக்கிறது, அவ்வளவே. பாட்டுக்காரர் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் பாடுகிறார். அதற்காகக் கச்சேரி பெட்டியினுடையது என்று யாரும் சொல்வதில்லை.

தள்ளிப்போட்ட ரொறன்ரோ நிகழ்ச்சிக்கு நாள் நெருங்கியது. ஒரு பின்னேரம் அனெக்ஸுக்குள் போய்ப் பட்டியைக் கழற்றினேன். காது மெஷினைப் போட்டுவிட்டேன்.

"சிரியுங்கோ, அங்கிள்."

அவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"இது சோதினைதானே, மகன்? நான் சிரிக்க மாட்டன். பாரும்."

சோதனையில்லை என்றேன். நம்பவில்லை. பகிடி சொன்னேன். சூரிச்சில் மண்டபமே அதிர்ந்த பகிடி, லண்டனில் ஒரு அம்மா மயங்கி விழுந்த பகிடி, எல்லாம் சொன்னேன். நன்றாகப் பழக்கப்பட்ட நடிகரைப் போல, முகத்தில் ஒரு சுருக்கம் விழாமல், மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பேரரசரும் சக்கரவர்த்தியும் சேர்ந்து ஒரு கிழவரைச் சிரிப்பிக்க முடியவில்லை. பல் அடைத்ததுதான் காரணமோ என்று அந்த இடைவெளியை மறுபடி திறந்தேன். எப்படி என்பது வைத்தியரின் அறிக்கையில் இருக்கும். நான் அதை மறுக்கவில்லை. அப்போதும் அவர் அழத்தான் செய்தார். அழுகை வெளியே வரும் சத்தம். எனக்கு அது உதவாது.

எனக்குத் தேவைப்பட்டது உள்ளே இழுக்கும் மூச்சு. ஒரு மனிதன் மூச்சைக் கட்டாயம் உள்ளே இழுக்கும் சந்தர்ப்பம் ஒன்றுதான் உண்டு. கட்டிலில் தலையணை இருந்தது, ஐறீன் தைத்த பொன்னாடை உறையோடு. முகத்தில் வைத்து, கொஞ்ச நேரம் பொறுத்து, எடுத்தேன்.

அந்தச் சத்தம் வந்தது. ஒழுங்கையில் கேட்ட அதே சத்தம், சேர். அச்சொட்டு.

நான் அவருக்குப் பிறகு சிரித்துப் பார்த்தேன். கிட்டத்தட்ட வந்தது. இன்னொரு முறை கேட்க வேண்டியிருந்தது. அவர் முதலில், நான் பிறகு; அவர் முதலில், நான் பிறகு. சங்கீத வகுப்பில் குருவும் சீடனும் போல இருந்தோம். கையால் தள்ளப் பார்த்தார், ஆனால் அவ்வளவாக இல்லை. அவர் ஒத்திகைக்குப் பழகியிருந்தார். வரவர அவருடையது மெலிந்தது, என்னுடையது தெளிந்தது. கடைசி முறை நான் தலையணையை எடுத்தபோது அவர் தன் முறையைத் தவறவிட்டார். நான் மட்டும் சிரித்தேன். மிகவும் சரியாக வந்தது.

மறுநாள் ஐறீன் தையல் மெஷினை எடுத்துப்போக வந்து, திறப்பு கதவிலேயே இருந்ததால் உள்ளே போயிருக்கிறாள். அவர் கன்னத்தில் ஜரிகை கீறிய அடையாளங்களை அவள்தான் முதலில் கண்டாள். நான் முன்வீட்டில் காணொளி எடுத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வந்து கதவைத் தட்டும் வரை எடுத்தேன். நன்றாக அமைந்த ஒன்று. பொலிஸ் வைத்திருக்கும் என் தொலைபேசியில் இருக்கிறது. நேரம் கிடைத்தால் பாருங்கள்.

ஆகவே நான்தான் செய்தேன். வேறு யாரும் உதவவில்லை, யாரும் தூண்டவில்லை. தண்டனை எதுவானாலும் எனக்கு ஆட்சேபணையில்லை. ஒரே ஒரு சொல்லைப் பற்றித்தான் கேட்கிறேன். நீங்கள் மேலே 'கொலை' என்று எழுதியிருக்கிறீர்கள். கொலை என்றால், கொல்லப்பட்ட ஒருவர் இருந்தார் என்றாகிவிடும். அவருக்கு அந்தச் சிரிப்பு இருந்தது என்றாகிவிடும். பர்ஹா இந்தத் தாளை அப்படியே கொண்டுபோய் மேன்முறையீட்டில் வைத்துவிடுவார். அப்போது போஞ்சி அங்கிள் என் கையைவிட்டுப் போய்விடுவார், சேர். தூக்கு மேடையில்கூட என்னை யாரென்று ஒருவருக்கும் தெரியாது.

அதை வெட்டிவிடுங்கள். என்னுடைய பாத்திரம் ஒன்றை நானே முடித்துக்கொண்டேன் என்று எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.